அக்கா சுட்ட விண்கலங்கள்

சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பழைய வீடியோ கேம் ரசிகர்கள் கூடுகிறார்கள் என்று என் மகள் போனில் காட்டினாள். அறிவிப்பில் இருந்த விண்கல விளையாட்டின் படத்தைப் பார்த்ததும் பண்ருட்டியில் இருக்கும் அக்காவைக் கூப்பிட்டேன்.

"வரியாக்கா?"

"வீட்ல டாக்டர பாக்கப் போறேன்னு சொல்லிக்கிறேன்டா" என்றாள். அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பேரன் எடுத்தவள்.

அந்தக் காலத்தில் அவள் கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் சிதம்பரம் போய் பி.எஸ்ஸி. படித்தாள். என் பள்ளிக்கூட லீவு நாட்களில் நானும் ஒட்டிக்கொண்டு போவேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. வகுப்பு முடிந்ததும் அக்காவும், புவனகிரியிலிருந்து வரும் அவளுடைய தோழியும் அதற்குள் நுழைவார்கள். வேறு பெண்கள் யாரும் அங்கே வந்து நான் பார்த்ததில்லை. அக்கா தாவணி முனையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்காருவாள். அவளுடைய விண்கலம் திரையின் இடது மூலையை விட்டு நகராது. கூட்டம் கூட்டமாக இறங்கி வரும் எதிரிகளைப் பார்த்து, "வரட்டும், வரட்டும்" என்று முணுமுணுப்பாள். கடைசி நொடியில்தான் சுடுவாள். பக்கத்தில் ஆடும் தோழி சீக்கிரமே செத்துப்போய், விழுந்து விழுந்து சிரிப்பாள்.

ஒருநாள் நான் ஆடுகிறேன் என்றேன். "நீ வந்ததும் செத்துடுவ. போய் உக்காரு" என்றாள் அக்கா. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். விளையாட்டைப் பற்றி மட்டும் சொல்லியிருக்கலாம். ஆம்பளைகள் சுற்றி நின்று அவளைப் பார்க்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அப்பா அவளை அடிக்கவில்லை. "தெரிஞ்சவுங்க பாத்துட்டு வந்து சொன்னாங்க. படிச்சது போதும்" என்றார். அவ்வளவுதான். கடைசி வருஷப் பரீட்சை எழுதாமலேயே, பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்தவருக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள்.

மண்டபத்துக்குப் போன அன்று காலையில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு வந்ததால் வேட்டி சட்டையோடு போயிருந்தேன். வாசலில் தெர்மாகோல் விண்கலம் மாட்டிய ஒரு பையன் கதவில் சிக்கிக்கொண்டு நின்றான். "தம்பி, நேரா வந்தா எப்படி நொழைவ? ஒருக்களிச்சு வா" என்று அக்கா பிடித்து இழுத்தாள். ஒரு இறக்கை அவள் கையோடு வந்துவிட்டது. அவள் பதறிப்போனாள். "பரவால்ல ஆன்ட்டி, ஒரு எறக்கையிலயே ஓட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே போனான்.

அடுத்து, வெள்ளி நிறத்தில் முடி வைத்திருந்த ஒரு பெண் நோட்டுப் புத்தகத்தோடு வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். வேஷப் போட்டிக்குப் பெயர் எழுதுகிறாளாம்.

"அங்கிள், நீங்க எந்த கேரக்டர்?"

"எங்க அப்பா" என்றாள் அக்கா.

அந்தப் பெண் சிரிக்காமல் அதை எழுதிக்கொண்டாள். அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கண்ணாடியில் பார்த்தால் நான் அப்பா மாதிரியேதான் இருக்கிறேன்.

மூலையில் அந்த விளையாட்டு இருந்தது. அக்கா உட்கார்ந்தாள். இடது மூலை. "வரட்டும், வரட்டும்." மூன்றாவது கட்டம் வரைக்கும் போனாள். பின்னால் கூடிய பையன்கள் கைதட்டினார்கள். எழுந்திருக்கும்போது, "அவ பக்கத்துல இருந்தா இன்னும் ஜாஸ்தி நேரம் ஆடியிருப்பேன்" என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளே ஆரம்பித்தாள்.

"அவ செத்து ஒரு வருஷம் ஆவுது. நான் போவல."

"ஏன்க்கா?"

"அப்பாகிட்ட போட்டுக் குடுத்தது அவதான? தெரிஞ்சவுங்கன்னு அப்பா சொன்னாரே, அந்தக் கடையில நம்ம வீட்டுக்குத் தெரிஞ்சவ அவ ஒருத்திதான. நம்ம வீட்டு வாசல்ல வந்து நின்னு, நான் இல்லடி, நான் இல்லடின்னு அழுதா. நான் நம்பல. அவ கல்யாணத்துக்கும் போவல. அதுக்கப்புறம் அவகிட்ட ஒரு வார்த்தை பேசல."

இது எனக்குத் தெரியாது. யார் சொன்னார்கள் என்று அக்கா யோசித்திருப்பாள் என்றுகூட நான் நினைத்துப் பார்த்ததில்லை. தொழிற்சாலைகள் இருக்கும் குடிகாடு வந்தது. ரசாயன வாடைக்கு எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அக்காவும் முந்தானையால் பொத்தியிருந்தாள். அவள் முகம் பாதி மறைந்திருந்ததால்தான் எனக்குத் தைரியம் வந்திருக்க வேண்டும்.

"அக்கா, நான்தான் சொன்னேன்."

முந்தானையை அவள் எடுக்கவில்லை.

"அப்ப உனக்கு என்ன வயசு?"

"பதிமூணு."

"இப்ப?"

"நாப்பத்தாறு."

"நடுவுல ஒரு நாள்கூட சொல்லத் தோணலையா?"

கடலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, நின்றிருந்த பண்ருட்டி பஸ்ஸில் ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். நான் வெளியே நின்றேன். பஸ் கிளம்பும் வரை அவள் நேரே முன்னால் பார்த்தபடியே இருந்தாள்.

அடுத்த வாரம் அவள் தனியாகப் புவனகிரிக்குப் போய், தோழியின் வீட்டில் மாலை போட்டிருந்த அவள் போட்டோ முன்னால் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாளாம். அக்காவின் மகன் போனில் சொன்னான். யார் வீடு, என்ன உறவு என்று அவனுக்குத் தெரியவில்லை. என்னைக் கேட்டான். அம்மாவின் காலேஜ் சிநேகிதி என்று மட்டும் சொன்னேன்.

பொங்கலுக்குச் சீர் வரிசையோடு பண்ருட்டி போனேன். அக்கா கதவைத் திறந்தாள்.

"வாங்க. உக்காருங்க" என்றாள்.

பிறந்ததிலிருந்து 'வாடா' என்று மட்டுமே என்னைக் கூப்பிட்டவள். சீர்த் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள், காபி கொடுத்தாள், பிள்ளைகளின் படிப்பை விசாரித்தாள். எல்லாவற்றுக்கும் நானும் 'ங்க' போட்டுப் பதில் சொன்னேன்.