எஸ் போடாத பெரிய கிராணி

வீரையாவைத் தடுப்பு முகாமுக்கு அனுப்பியது போலீஸ் இல்லை. எங்கள் ஆபீசுத் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி ஞானமுத்துதான்.

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் போட்ட அவசரகாலம். மலாக்காவில் மஸ்ஜித் தானா ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் நான் சின்னக் கிராணி. காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குப் போய்விடும் என்று, பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகிறவர்கள் சோறு கொண்டுபோகத் தடை. ஒரு காலை, வீரையாவின் தேத்தண்ணி டின்னில் காய்ந்த பருக்கைகள் ஒட்டியிருப்பதை கேட்டில் கண்டுபிடித்தார்கள். பிள்ளை தின்ற டின் என்று அவர் அழுதார். வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி நம்பவில்லை. வீரையாவை வேலை வாங்கும் கங்காணி சின்னப்பன் சொல்வதைக் கேட்டு முடிவெடுப்பதாகச் சொன்னார்.

"அடிச்சுச் சொல்றேங்கய்யா, இவன் சோறு கொண்டு போறதே இல்ல" என்றார் கங்காணி.

ஞானமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு மொழிபெயர்த்தார்: "ஹி இன்சிஸ்ட்ஸ் தட் தி மேன் கேரி நோ ரைஸ்."

'இன்சிஸ்ட்' போட்டு, ஒன்று கட்டாயம் நடக்க வேண்டும் என்று சொன்னால் பின்னால் எஸ் வராது; 'கேரி'. நடப்பதை உறுதியாகச் சொன்னால் எஸ் வேண்டும், 'கேரீஸ்'. எங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். துரைமார் முன்னால் உசத்தி இங்கிலீஷ் காட்டும் ஆசையில் எஸ்ஸை விழுங்கினார். 'கொண்டுபோவதில்லை' என்று கங்காணி சொன்னது, 'கொண்டுபோகக் கூடாது' என்று கண்டித்ததாக ஆகிவிட்டது.

அதிகாரி உடனே பிடித்துக்கொண்டார். முன்பு கொண்டுபோயிருந்தால்தானே கண்டிக்க வேண்டும், அப்படித்தானே என்று இங்கிலீஷில் கேட்டார்.

ஞானமுத்துவின் முகம் வெளுத்தது. புரிந்துவிட்டது அவருக்கு.

நான் குனிந்து சொன்னேன்: "ஐயா, எஸ் போட்டு இன்னொரு தடவ சொல்லிடுங்க."

"வாய மூடுறா. தொரை முன்னாடி என்னையே திருத்துறியா? நேத்து வந்த பயலுக்குத் திமிரப் பாருலா!"

பிறகு அதிகாரியிடம் திரும்பி, "யெஸ், சார்" என்றார்.

வீரையாவை லாரியில் ஏற்றினார்கள். அவர் பெண்டாட்டியையும் பிள்ளையையும் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். பழி முழுக்கக் கங்காணி தலையில் விழுந்தது. விடிகாலைப் பெரட்டில் அவர் வருகைக்குப் பேர் கூப்பிட்டால், "காட்டிக் குடுத்த நாய்க்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று பெண்கள் துப்பினார்கள். "நான் நல்லதுதானய்யா சொன்னேன், எப்படி இப்பிடி ஆச்சு?" என்று அந்த மனிதர் ஆபீஸ் படியில் நின்று கேட்டார். நாங்கள் டைப்ரைட்டரைத் தட்டிக்கொண்டிருந்தோம். ஒருவரும் நிமிரவில்லை. அந்த ஆபீசில் சம்பளம் வாங்கினேன் என்று சொல்ல இன்றைக்கும் கூசுகிறது.

மொழிபெயர்ப்பு வேலைக்குப் போகும் பிள்ளைகளே, தப்பு வரும். வந்தால் அங்கேயே, அந்த நிமிடமே, "மன்னிக்கணும், தப்பாச் சொல்லிட்டேன்" என்று சொல்லுங்கள். உங்கள் மானம் போனால் போகட்டும்.

ஞானமுத்து இப்போது மலாக்கா டவுனில் இங்கிலீஷ் டியூசன் நடத்துகிறார். கூட்டங்களில் மாலை போடுகிறார்கள். கங்காணி அதே கெட்ட பெயரோடு இன்னும் உயிரோடு இருக்கிறார். பெரிய கிராணி ஐயா, அடுத்த கூட்டத்தில் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, தோட்டத்து ஜனங்கள் எல்லார் முன்னாலும் மைக்கில் சொல்லுங்கள்: சின்னப்பன் அன்றைக்கு என்ன சொன்னார்? நீங்கள் ஏன் "யெஸ், சார்" என்றீர்கள்?