கயிறு சொல்லட்டும்

லோடு ஏற்றி முடித்ததும் தார்ப்பாயின் கடைசிக் கயிற்றை மட்டும் முடிச்சண்ணன் யார் கையிலும் கொடுக்க மாட்டார். லாரியின் பின்பக்கம் போய், எல்லாருக்கும் முதுகைக் காட்டி நின்றுகொள்வார். கொக்கியில் இரண்டு சுற்று, உள்ளே ஒரு நுழைப்பு, வந்த வழியே ஒரு திருப்பு. மிச்ச நுனியை முடிச்சின் வயிற்றுக்குள் செருகிவிட்டு, குழந்தையைத் தூங்கவைப்பதுபோல் மெல்ல ஒரு தட்டு. இனி அவர் வந்தால்தான் அது அவிழும்.

சொந்த லாரி, ஒரே லாரி. ஆளோ பஞ்சு. "வாடகைய அடுத்த வாரம் வாங்கிக்கலாமே அண்ணே" என்று யாராவது தோளில் கை போட்டால் போதும். தலையாட்டிவிட்டு வெறுங்கையோடு வண்டியைத் திருப்பிவிடுவார். அடுத்த வாரம் போனால் முதலாளி வெளியூர். அதற்கடுத்த வாரம் போனையே எடுக்க மாட்டார்கள்.

அவர் மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "முடியாதுன்னு சொல்ல உங்களுக்கு வாய் வராது. கயிறாவது சொல்லட்டும். பணம் கைக்கு வந்தப்புறம் அவுத்தாப் போதும்" என்றாள். லோடு பேசும்போதே, வாடகை கொடுத்தால்தான் சரக்கு இறங்கும் என்று போனில் கறாராகச் சொல்லிவிடுவதும் அவள்தான்.

காகிதக் கிடங்கு ஒன்றில் ஏற்கெனவே ஒரு நடை வாடகை நின்றிருந்தது. போகாமல் விட்டால் பழையதும் போய்விடும். இந்த முறையும் பணம் வராவிட்டால் தவணை கட்ட வழியில்லை. பைனான்ஸ்காரர்கள் லாரியை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

லாரி கிடங்கு வாசலில் நின்றதும் மேனேஜர் வாயெல்லாம் பல்லாக வந்தார். "முதல்ல சரக்க இறக்கிடுங்கண்ணே. திங்கக்கிழமை மொத்தமா கொடுத்துடலாம். டீ சாப்பிடுறீங்களா?"

டீதான் ஆபத்து. போன தடவை வாடகை கரைந்தது அந்த டம்ளரில்தான். முடிச்சண்ணன் இரண்டு கைகளையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு, "வயிறு சரியில்லீங்க" என்றார். போன் அடித்தது.

"டீ குடிச்சீங்களா?" என்றாள் மனைவி.

"இல்லம்மா."

"நல்ல புள்ள. அப்படியே நில்லுங்க."

மேனேஜர், சும்மா நின்றிருந்த சுமைக்காரர்கள் பக்கம் திரும்பினார். "என்னப்பா வேடிக்கை? நீங்களே அவுத்து இறக்குங்க."

அவர்களுடைய மேஸ்திரி குனிந்து முடிச்சைக் குடைந்தார், இழுத்தார், உள்ளங்கையை ஊதிக்கொண்டார். "வர மாட்டேங்குது சார்."

"ஒரு கயித்த அவுக்கத் தெரியாதா?"

"எங்களப் பாத்தா முடிச்சவிக்கி மாதிரியா சார் இருக்கு?"

சுமைக்காரர்கள் கொல்லென்று சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. "அப்ப அறுத்துப் போடுங்க!"

"அறுத்தா தார்ப்பாய் நிக்காது சார். வானத்தப் பாருங்க. உள்ள இருக்கிறது காகிதம். நனைஞ்சா உங்க முதலாளிக்கு யாரு பதில் சொல்றது?"

மேனேஜர் கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது. பாவம், அவரும் சம்பளக்காரர்தானே என்று முடிச்சண்ணனுக்குத் தோன்றிவிட்டது. ஒரு கை மெல்லப் பையைவிட்டு வெளியே வந்தது. 'போனாப் போவுது' என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்து மேஸ்திரி அவர் காலை நறுக்கென்று மிதித்தார். "அடடா, பாக்கலண்ணே."

முதல் தூறல் விழுந்தது. மேனேஜர் போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினார். திரும்பி வந்தபோது கையில் பணம் இருந்தது, பழைய பாக்கியோடு.

முடிச்சண்ணன் வண்டியைக் கூரைக்கடியில் கொண்டுபோய் நிறுத்தினார். பிறகு எல்லாருக்கும் முதுகைக் காட்டி நின்று முடிச்சை அவிழ்த்தார். சுமைக்காரர்கள் அத்தனை பேரும் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லாரிக் கடன் அடைந்து வெகுநாள் கழித்து, மேஸ்திரி இதை அண்ணன் மனைவியிடம் மட்டும் சொன்னார். அந்தச் சம்பவத்துக்கு முன்பே ஒரு மத்தியானம், முடிச்சண்ணன் கேபினில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது, மேஸ்திரி அந்த முடிச்சை அவிழ்த்துப் பார்த்துவிட்டு அதேபோலத் திரும்பப் போட்டிருக்கிறார். அண்ணன் போட்டது கொஞ்சம் தளர்வாக இருந்ததாம், இவர் இறுக்கிவிட்டாராம்.