நெல்லுக்குள் கிறவல்

கிளிநொச்சியிலிருந்து வாய்க்கால் கரையோரக் கிறவல் பாதைகளில் சைக்கிள் ஓட்டி வந்து, விசுவமடுவுக்கு அருகே தார் வீதியில் ஏறுகிறேன். வீதியின் ஒரு பாதியில் நெல் காய்கிறது. மறு பாதி வெறுமையாகத்தான் கிடக்கிறது. இருந்தும் நெல்லின் மேலேயே ஓட்டுகிறேன். சக்கரத்தில் ஒட்டிவந்த சிவந்த கிறவல் கற்கள் நெல்லுக்குள் உதிர்கின்றன.

நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த பெண் ஓடி வருகிறார்.

"என்ன ஐயா, கண் தெரியேல்லையோ?"

"பிரேக் பிடிக்கேல்லை, பிள்ளை."

அவர் பிரேக்கை அழுத்திக்கொண்டு சைக்கிளைத் தள்ளிப் பார்க்கிறார். அது அசையவே இல்லை. எனக்கு வெட்கமாகிவிடுகிறது.

"பொய் சொல்லிப்போட்டன். நெல்லுக்கு மேல ஓடுற சத்தத்தைக் கேக்க ஒரு ஆசை. மன்னிச்சுக்கொள்ளு, பிள்ளை."

"சின்னப்பிள்ளை எண்டு நினைப்போ? இது எங்கட சாப்பாட்டு நெல்லு. மழையும் இருட்டுது. கெதியா இருந்து கல்லைப் பொறுக்குங்கோ."

இருவரும் குந்தியிருந்து பொறுக்குகிறோம். முதல் துளி விழும்போது கடைசி மூட்டையையும் கட்டிவிடுகிறோம்.

"ஒண்டு ரெண்டு கல்லுக் கிடக்கும்," என்கிறேன் பயத்துடன்.

"அப்ப முதல் சோறு உங்களுக்குத்தான். பல்லு உடைஞ்சாலும் உங்கட பல்லுத்தானே!"

கட்டாயம் வருவதாகச் சொல்கிறேன். வாயில் இருப்பது முழுக்கக் கட்டுப்பல் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.