சேமித்தாயிற்று என்று சொன்ன பெட்டி

பெட்டி ஒரு பதிவைத் தனக்குள் எழுதிக்கொண்டிருக்கும்போதே அதற்குப் போகும் மின்சாரத்தைச் சிவப்பு சுவிட்சால் அக்கா பட்டென்று அணைத்ததுதான் அவரைப் பற்றிய என் முதல் நினைவு. பதறிப்போய், "இன்னாக்கா, எழுதிக்கினு இருக்கும்போதே நிறுத்திட்டீங்க?" என்றேன். "அதுக்குத்தான் என்னைய வேலைக்கு வச்சிருக்காங்க தம்பி. மலையில கரண்டு சொல்லிட்டா போவுது?" என்றபடி சுவிட்சை மறுபடி போட்டார்.

கள்ளக்குறிச்சியில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது எங்கள் சிறிய நிறுவனம். கல்வராயன் மலை நர்சுகள், கர்ப்பிணிகளின் ரத்த அழுத்தத்தையும் எடையையும் பதிந்துவைக்க மேசைமேல் வைக்கும் பெட்டி ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். அதன் மென்பொருளை எழுதியவன் நான். அந்த மலையிலேயே உள்ள கரியாலூர்க்காரரான அக்கா அதைச் சோதிக்க வந்தவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், படிப்பில் என்னைவிட ஒரு படி கீழே. இந்த இரண்டாவது கணக்கை நான் மனதுக்குள் அடிக்கடி போட்டுப் பார்த்துக்கொண்டேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்ளலாம்.

அவர் வருவதற்கு முன்பு நானே சோதித்து வந்தேன். மின்சாரம் போய் வந்ததும், கோப்புகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கும் கட்டளையை ஓட்டுவேன். பழுதில்லை என்று வரும். முடிந்தது வேலை. அக்காவுக்கு அது போதவில்லை. 'சேமித்தாயிற்று' என்று பெட்டி சொன்ன ஒவ்வொரு பதிவின் எண்ணையும் ஒரு வயர் வழியாகப் பக்கத்துக் கணினியில் குறித்துவைத்தார். மின்சாரத்தை வெட்டி, திரும்பக் கொடுத்து, பெட்டி சொன்னதையும் பெட்டிக்குள் இருந்ததையும் ஒப்பிட்டார். எவ்வளவு எளிய யோசனை! எனக்கு ஏன் தோன்றவில்லை? முதலாளி வருகிறவர்களையெல்லாம் அக்காவின் மேசைக்கு அழைத்துப்போய்க் காட்டினார். அந்த நேரங்களில் நான் டீ குடிக்கக் கீழே இறங்கிவிடுவேன்.

ஒருநாள் அக்கா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இது பொய் சொல்லுது. சேவ் ஆயிடுச்சின்னு சொல்லிச்சு. தொறந்து பாத்தா உள்ள ஒண்ணுமே இல்ல." கோப்பு இருந்தது, அதன் பெயர் இருந்தது, உள்ளடக்கம் மட்டும் இல்லை. என் கட்டளையோ பழுதில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. பத்து நிமிடத்தில் தவறு எனக்குப் புரிந்துவிட்டது. எழுதிய புதுக் கோப்பு நினைவு அட்டையில் முழுதாக இறங்கியதா என்று உறுதி செய்யாமலே, பழைய கோப்பின் பெயரை அதற்குக் கொடுத்து, பழையதைத் தொலைத்திருந்தேன். இரண்டு வரியில் திருத்திவிடலாம். ஆனால் முதலாளியின் அறைக்குப் போய், "அவங்க போட்ட வயர் சரியில்லங்க. அதுல கரண்டு ஏறி இறங்கி அட்டையக் கெடுக்குது" என்றேன். சத்தமில்லாமல் அடுத்த மாதம் திருத்திக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். அந்தக் கண்டுபிடிப்பு மட்டும் அக்காவின் பெயரில் வந்துவிடக் கூடாது.

அதற்குள் பெட்டிகள் மலையேறிவிட்டன. மழைக்காலத்தில் ஒரு நர்சு போன் செய்தார். பெட்டியில் ஒரு பதிவும் இல்லையாம். எட்டாம் மாதத்தில் ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போன ஒரு பெண்ணின் விவரமும் அதில்தான் இருந்ததாம். முதலாளியும் நானும் ஜீப்பில் போனோம். நர்சு ஒரு நோட்டை நீட்டினார். "இதப் பாத்துத்தான் அந்தப் பொண்ண நேத்தே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிட்டேங்க. உங்க ஆபீசு அக்கா ஊருக்கு வரும்போது சொல்லிட்டுப் போனாங்க, கொஞ்ச நாளைக்கு நோட்லயும் எழுதி வைங்கன்னு." அந்தப் பெண் பிழைத்தாள், குழந்தையும் பிழைத்தது. ஆனால் அந்த நோட்டைப் பார்த்த கணத்தில் எனக்கு முதலில் வந்தது நிம்மதி அல்ல. இங்கேயும் அக்கா எனக்கு முன்னால் வந்து நிற்கிறாரே என்ற எரிச்சல்தான்.

இறங்கி வந்ததும் இரண்டு வரியையும் எழுதினேன். அக்கா ஒரு வாரம் விடாமல் சோதித்து, 'சரி' என்று கையெழுத்திட்டார். அடுத்த வருடமே பெங்களூரில் பெரிய நிறுவனம் ஒன்று அவரை இதே வேலைக்கு அழைத்துக்கொண்டது. நான் இன்னும் அதே மாடியில் இருக்கிறேன்.

போன மாதம் ஏதோ சந்தேகம் கேட்க அவருக்குப் போன் செய்தேன். பேச்சின் நடுவே தாங்கமுடியாமல் சொல்லிவிட்டேன். "அக்கா, அன்னிக்கு உங்க வயர் மேல பழி போட்டது நான்தான்."

"தெரியும் தம்பி. அப்பவே புது வயரு போட்டு ஓட்டிப் பாத்தேன். அதேதான் வந்துச்சு. பேப்பர்ல எழுதி மொதலாளிகிட்ட எடுத்துக்கினு போயிக் காமிச்சேன்."

"அவரு இன்னா சொன்னாரு?"

"தம்பி சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்னாரு. பேப்பரக் கையில கூட வாங்கல."

அவர் குரலில் கோபம் இல்லை. வேறு ஏதோ பேசிவிட்டு வைத்துவிட்டார். விருந்தாளிகள் எதிரில் கிடைத்த பாராட்டு அக்காவுக்கு, கதவைச் சாத்திய அறைக்குள் நம்பிக்கை எனக்கு. ஆதாரம் கொண்டுபோனவரை விட்டுவிட்டு, வெறும் வாயோடு போனவனை முதலாளி நம்பியிருக்கிறார். இது தெரியாமல்தான் அத்தனை நாளும் நான் அவரைப் பார்த்து வெந்துகொண்டிருந்தேன்.