மஞ்சள் பையில் இருந்த கடைசி ரீல்

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, ஆவணி மாதத்து ஒரு சனிக்கிழமை மாலை. மயிலாப்பூரில் லஸ் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தின் மாடி ஹால். எங்கள் திரைப்படச் சங்கத்தின் மாதக் காட்சிக்கு இருபத்தாறு பேர் வந்திருந்தார்கள். செயலாளர் சார் முன்வரிசையில் இருந்தார். மந்தைவெளியில் குடியிருந்த இலங்கை அக்கா வழக்கம்போல் கடைசி வரிசையில் இருந்தார். நான் புரொஜெக்டர் பக்கத்தில் நின்றிருந்தேன். இருந்தே ஆக வேண்டிய ஒருவர்தான் இல்லை. எங்கள் ஆபரேட்டர் அண்ணன். நங்கநல்லூரில் அவருடைய அக்கா பேத்திக்குக் காதுகுத்து.

அதற்காக அவர் எங்களைக் கைவிட்டுவிடவில்லை. முந்தின நாளே பிரிண்டைக் கொண்டுவந்து, ஓட்டிப் பார்த்து, தயாராக வைத்துவிட்டுத்தான் போனார். "எல்லாம் ரெடி நைனா, எடுத்து மாட்ட வேண்டியதுதான்" என்று என்னிடம் சொல்லியிருந்தார். ஆறு மாதமாக அவர் பக்கத்தில் நின்று ஃபிலிம் மாட்டக் கற்றுக்கொண்டிருந்தேன். தனியாக ஓட்டப் போவது அன்றுதான் முதல் தடவை.

நான் அப்போது பி.காம் இரண்டாம் ஆண்டு. அப்பா தியாகராய நகர் ஜவுளிக் கடைகளுக்குத் துணி மூட்டை ஏற்றும் மூன்று சக்கர வண்டி மிதித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். சங்கத்துக்குச் சந்தா கட்ட வசதியில்லை. நாற்காலி போடுவேன், திரை கட்டுவேன், பதிலுக்கு இலவசமாகப் படம் பார்ப்பேன். வெளிநாட்டுப் படங்கள், கீழே ஆங்கில எழுத்து ஓடும். பாதி எழுத்தைப் படிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். இருந்தாலும் எல்லாம் புரிந்த முகத்தோடுதான் உட்கார்ந்திருப்பேன்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பது வயதிருக்கும். ஒற்றை அறையில் குடியிருந்து, தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்துவந்தார். எந்தப் படத்திலாவது துப்பாக்கிச் சத்தம் கேட்டால் மெல்ல எழுந்து வராந்தாவில் போய் நின்றுகொள்வார். அதனால்தான் கதவுக்கும் எனக்கும் பக்கத்தில் அந்தக் கடைசி வரிசை. என்னோடு நன்றாகப் பேசுவார். அந்த மாதம் அறிவிப்புக் கார்டு போன மறுநாளே வந்து, இந்தப் படத்தைக் கட்டாயம் போடுவீர்களா என்று என்னிடம் கேட்டார். அடுத்த வாரமும் கேட்டார்.

கார்டில் கதை நாலு வரிதான். ராணுவ ஆட்சியை எதிர்த்த ஒருவனை நாடு கடத்திவிடுகிறார்கள். பதினெட்டு வருடம் அந்நிய மண்ணில் இருக்கிறான். ஆட்சி மாறியதும் திரும்பி வந்து, கல்யாணம் செய்துகொள்ள இருந்த பெண்ணைத் தேடுகிறான்.

படம் தொடங்கும் முன் அக்காவாகவே சொன்னார். அவருக்கும் யாழ்ப்பாணத்தில் ஒருவரோடு நிச்சயமாகியிருந்தது. மாணவர் அரசியலில் இருந்த அந்த மனிதர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நாட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று. பின்னால் அக்காவும் படகில் இங்கே வந்துவிட்டார். இது நடந்து பன்னிரண்டு வருடம். அதில் நாலு வருடம் அந்த மனிதர் செத்தே போய்விட்டார் என்று அக்கா நம்பியிருந்தாராம். இப்போது ஏதோ ஒரு குளிர்நாட்டிலிருந்து அவருடைய கடிதம் வந்திருக்கிறது. பயணம் செய்யப் பேப்பர் கிடைத்துவிட்டது, மார்கழியில் வரட்டுமா என்று.

"ரெண்டு மாசமாப் பதில் போடேல்லை தம்பி. வா எண்டும் எழுதேலாமக் கிடக்கு, வராதை எண்டும் எழுதேலாமக் கிடக்கு" என்றார்.

விளக்கை அணைத்துவிட்டுப் படத்தைப் போட்டேன்.

பெட்டியில் இரண்டு பெரிய ரீல்கள் இருந்தன. முதல் ரீல் முடிந்து இரண்டாவதைத் தடுமாறாமல் மாட்டியபோது, ஆபரேட்டர் அண்ணன் பார்க்கவில்லையே என்று இருந்தது. புரொஜெக்டருக்குப் பின்னால் இருந்த ஆணியில் அவருடைய மஞ்சள் பை தொங்கியது. காட்சி நாட்களில் டிபன் கேரியரை அதில் போட்டு அந்த ஆணியில்தான் மாட்டுவார். காதுகுத்து அவசரத்தில் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போய்விட்டார் போல, ஊசிப்போயிருக்குமே என்று நினைத்தேன். அடுத்தவர் சாப்பாட்டுப் பையைத் தொடக் கூடாது என்பது என் அம்மாவின் வளர்ப்பு. தொடவில்லை.

படத்தில் அவன் திரும்பி வந்துவிட்டான். அவள் வீட்டைக் கண்டுபிடித்து, தெருவில் பனிக்குள் நின்று மேலே பார்க்கிறான். அவள் ஜன்னலுக்கு வருகிறாள். இருவரும் பார்த்துக்கொள்கிறார்கள். அவள் ஜன்னலைச் சாத்துகிறாள். ரீல் தீர்ந்து, திரை வெள்ளையானது.

யாரோ கைதட்டினார்கள், உடனே எல்லாரும் தட்டினார்கள். செயலாளர் சார் எழுந்து நின்றார். ஓய்வுபெற்ற பேராசிரியர், நிறையப் படித்தவர். "ஜன்னலைச் சாத்தினா பாருங்கோ, அங்கேயே நிறுத்திட்டான். இனிமே அவா சேர்றாளா இல்லையாங்கறதை நம்மகிட்ட விட்டுட்டான். 'சுபம்'னு போட்டு அனுப்பற ஆள் இல்லை இவன்" என்று தொடங்கி, அந்தச் சாத்திய ஜன்னலைப் பற்றி மட்டும் பத்து நிமிடம் பேசினார். ஒரு வங்கி அதிகாரி குறிப்பெடுத்துக்கொண்டார்.

எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. பாட்டு பாதியில் அறுந்த மாதிரி இருந்தது. ஆனால் இத்தனை படித்தவர்கள் கைதட்டும்போது மூட்டை வண்டிக்காரர் மகன் எழுந்து, படம் முடியவில்லை போலிருக்கிறதே என்று சொல்ல முடியுமா? எனக்குத்தான் கலை புரியவில்லை என்று வாயை மூடிக்கொண்டேன்.

எல்லாரும் கிளம்பிய பிறகும் அக்கா நாற்காலியிலேயே இருந்தார்.

"தம்பி, முடிஞ்சுதோ?"

"முடிஞ்சிடுச்சுக்கா. இந்த மாதிரிப் படமெல்லாம் இப்படித்தான் முடியும்" என்றேன். எவ்வளவு அதிகாரமாகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது.

அக்கா கொஞ்ச நேரம் வெள்ளைத் திரையைப் பார்த்தார். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். "அதுவும் சரிதான். அப்ப நானும் எழுதிப் போடுறன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். என்ன எழுதப் போகிறார் என்று கேட்கவில்லை. வராதே என்றுதான், கேட்காமலே தெரிந்தது.

வீட்டில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்றன்றைக்குப் பார்த்த படத்தின் கதையை அவருக்குச் சொல்ல வேண்டும், அது எங்கள் பழக்கம். ஜன்னல்வரை சொல்லி நிறுத்தினேன்.

"அப்பால?" என்றார்.

"அப்பால இல்லப்பா. அவ்ளோதான் படம்."

"அது எப்டி? பனியில நின்னுக்கினு இருந்தானே, அவன் எங்க போயி படுத்தான்?"

நான் சிரித்தேன். இது வேறு மாதிரிப் படம், உங்களுக்குப் புரியாது என்றேன். பேர் எழுதக்கூடத் தெரியாத என் அப்பா கை கழுவப் போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, பிரிண்டைக் கட்டி அனுப்ப ஆபரேட்டர் அண்ணன் வந்தார். சாயங்கால ரயிலில் அது அடுத்த ஊர்ச் சங்கத்துக்குப் போக வேண்டும். நான் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஆணியிலிருந்து மஞ்சள் பையை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னா நைனா, இது கட்டுன கட்டு பிரிக்காமலே கீது?"

உள்ளே டிபன் கேரியர் இல்லை. சின்னதாக ஒரு தகர டப்பா. மூன்றாவது ரீல். பதினோரு நிமிடம் ஓடும் கடைசித் துண்டு. பெட்டியில் இரண்டுக்குத்தான் இடம், மூன்றாவது வந்தால் கைக்கு எட்டுகிற மாதிரி ஆணியில் மாட்டி வைப்பது அவர் வழக்கமாம். நான் கற்றுக்கொண்ட ஆறு மாதத்தில் மூன்று ரீல் படம் வரவே இல்லை, அதனால் எனக்கு இது தெரியாமலே போயிற்று.

"ஜனங்க ஒண்ணும் கேக்கலயா?" என்றார். கைதட்டினார்கள் என்றேன். அவர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவின் கடிதம் மட்டும்தான் ஞாபகத்தில் நின்றது.

அவருடைய சைக்கிளை வாங்கிக்கொண்டு மந்தைவெளிக்குப் பறந்தேன். ஞாயிற்றுக்கிழமை தபால் எடுக்க மாட்டார்கள் என்ற ஒரே நம்பிக்கைதான். அக்கா அறையில் நாலைந்து பிள்ளைகள் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தார்கள். மேஜையில், வெளிநாட்டுக்குப் போடும் நீல ஏரோகிராம் கடிதம் ஒட்டி முடித்து இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது.

நடந்ததைச் சொன்னேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீதானே தம்பி முடிஞ்சுது எண்டு சொன்னனீ?"

"எனக்குத் தெரியாதுக்கா. தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் அப்படிச் சொல்லிட்டேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு பிள்ளையின் நோட்டை வாங்கித் திருத்தினார். அடுத்த நோட்டையும் திருத்தினார். நிமிராமலே, "ஒரு படத்தைப் பாத்தோ நான் முடிவெடுத்தனான் எண்டு நினைக்கிறாய்?" என்றார். நாலாவது நோட்டை மூடி வைத்துவிட்டு, "எத்தினை மணிக்குப் போடுவீங்கள்?" என்று கேட்டார்.

கடையிலிருந்து ஒரு ரூபாய் போட்டுச் செயலாளர் சாருக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். "பத்து நிமிஷம் பேசினேனேடா" என்றார். பாவமாக இருந்தது. ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை ஹாலைத் திறக்கத் தனி வாடகை என்றது பள்ளிக்கூடம். அதை அவரே கட்டினார்.

பகல் இரண்டு மணிக்கு ஜன்னல்களில் செய்தித்தாள் ஒட்டி இருட்டாக்கினோம். பார்த்தவர்கள் நாலு பேர்: அக்கா, செயலாளர் சார், ஆபரேட்டர் அண்ணன், நான். அந்தத் துண்டை நான்தான் மாட்டினேன்.

சாத்திய ஜன்னலுக்குப் பின்னாலிருந்து தொடங்கியது. அவள் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கி வருகிறாள். கட்டிக்கொள்ளப் போகிறாள் என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை. படிக்கட்டில் நின்றபடி திட்ட ஆரம்பிக்கிறாள். பதினெட்டு வருடத்துத் திட்டு. ஏன் எழுதவில்லை, யாரிடமாவது சொல்லி அனுப்பினால் என்ன, உன் அம்மா சாவுக்கு நான்தானே நின்றேன் என்று. ஓடிய எழுத்தில் எனக்குப் பாதிதான் படிக்க முடிந்தது, அதுவே போதுமாக இருந்தது. அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பனி கொட்டிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் அவள் மூச்சு வாங்கி நிறுத்தி, கதவைத் திறந்தே விட்டுவிட்டு உள்ளே போகிறாள். அவன் காலணியில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு, அவள் பின்னால் போகிறான்.

எங்கே போய்ப் படுத்தான் என்று அப்பா கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது.

விளக்கைப் போட்டேன். அக்கா அழுவார் என்று பயந்திருந்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். முதலில் சத்தமில்லாமல், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு. "இவ்வளவும் நானும் கேக்க வேணுமெல்லோ? கடுதாசியில இதெல்லாம் கொள்ளாது" என்றார். கைப்பையிலிருந்து ஏரோகிராமை எடுத்து நாலாகக் கிழித்தார். செயலாளர் சார் இந்தத் தடவை எதுவும் பேசவில்லை. கீழே போய் எல்லாருக்கும் டீ சொல்லிவிட்டு வந்தார். நான் ஆட்டோ பிடித்து அக்காவை ஏற்றி அனுப்பினேன்.

அன்றிரவு அப்பாவுக்கு மிச்சக் கதையைச் சொன்னேன். அவருக்குப் புரியாது என்று சொன்னதற்காக மன்னிப்பும் கேட்டேன். "நானே வண்டிய எங்கனா நிறுத்துனா, மூட்டை எதுனா எறக்காம கீதானு ஒரு தபா திரும்பிப் பாக்குறேன். நீ படிச்ச புள்ள, பையப் பாக்க வேணாமா?" என்று சிரித்தார்.

மார்கழியில் அந்த மனிதர் வந்தார். வழுக்கைத் தலை, கொஞ்சம் தொப்பை. அந்த மாதக் காட்சிக்கு அக்கா அவரையும் அழைத்து வந்தார். படம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் அவர் குறட்டை விட, அக்கா முழங்கையால் இடித்தார். இடைவேளையில் நான் அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன், திட்டி முடிந்துவிட்டதா என்று.

"எங்க தம்பி முடிஞ்சது? இப்பதான் முதலாவது ரீல் ஓடுது" என்றார். பக்கத்தில் அவர் தூக்கம் கலைந்து, தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

இப்போது நான் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். தெரியாததை யாராவது கேட்டால், தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. அதைக் கற்றுக்கொள்ள எங்கள் எல்லாருக்கும் சேர்த்து ஆன செலவு: ஹால் வாடகை அறுபது, அக்காவின் ஆட்டோ பதினைந்து, நாலு டீ ஆறு ரூபாய், ஒரு போன் ஒரு ரூபாய், திங்கட்கிழமை அக்கா வாங்கிய புது ஏரோகிராம் ஆறரை. ஆக மொத்தம் எண்பத்தெட்டரை ரூபாய்.