சத்தியத்துக்கு அடங்காத ஆசை

என் வூட்டுக்காரர் ஆதிமூலத்துக்குக் கைநடுக்க வியாதி. மாத்திரை போட்ட பிறகு மறுபடியும் கரும்பு வெட்டப் போனார். ஆனால் அப்போதிலிருந்து சந்தைக்குப் போனால் சேவல் வாங்காமல் திரும்ப மாட்டார். மாட்டுக்கொட்டாய் முழுக்கச் சேவல்.

"இன்னா மாமா, ஊரையே நீங்கதான் எழுப்பி வுடப் போறீங்களா?" என்று பக்கத்து வூட்டு மணிமொழி சிரிப்பாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாரியாத்தா கோயிலில் எரியும் கற்பூரத்தைக் கையால் அணைத்து, இனிமேல் வாங்க மாட்டேன் என்று இவரைச் சத்தியம் பண்ண வைத்தேன். எங்கள் பக்கம் அந்தச் சத்தியத்தை யாரும் மீற மாட்டார்கள். இவர் அடுத்த சந்தையிலேயே சேவலோடு வந்து நின்றார்.

"ஆத்தாகிட்ட சொன்ன சொல்லையே காப்பாத்தல ஆண்டாளு. எனக்கு எதுக்கு மாத்திரை?" என்று அழுதார்.

மாத்திரையை நிறுத்தினால் படுக்கையில் விழுந்துவிடுவாரே என்று பயந்து, கள்ளக்குறிச்சி டாக்டரம்மாவிடம் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இது அவர் குணம் இல்லைங்க. இந்த மாத்திரை சில பேருக்கு அடக்க முடியாத ஆசையைக் கிளப்பி வுட்டுடும். நீங்களா நிறுத்தாதீங்க. நானே கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு, வேற தர்றேன்" என்றார்.

வரும் வழியில் இவர், "ஆத்தாவுக்கு இது தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டார்.

"நமக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்ங்க" என்றேன்.

இப்போது கை முன்னைவிடக் கொஞ்சம் ஜாஸ்தியாக ஆடுகிறது. ஆனால் போன சந்தையில் சேவல்காரர் கூப்பிட்டும் நிற்காமல், கீரை மட்டும் வாங்கிக்கினு வந்தார். சத்தியத்தை மீறினதிலிருந்து கோயில் பக்கமே போகாமல் இருந்த மனுஷன், இந்த வெள்ளிக்கிழமை எனக்கு முன்னால் குளித்துவிட்டு, "கிளம்பு, நேரமாவுது" என்றார்.