வெலிங்டன் தேடி அலைந்த பங்குனி

இரண்டு வருடங்களுக்கு முந்திய பங்குனி மாதம். ரொறன்ரோவில் பனி கரைவதும், கரைந்த இடத்தில் மறுபடி கொட்டுவதுமாக இருந்தது. நாங்கள் இருப்பது நகரத்தின் கிழக்கு ஓரத்தில், மல்வேர்னில். என் கணவருக்குத் தொண்டையில் வந்த புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை எல்லாம் முடிந்து வீட்டோடு இருந்தார். நோய் போய்விட்டது என்று வைத்தியர்கள் சொன்னார்கள். கோயிலில் அர்ச்சனை செய்தோம். சொந்தக்காரர் போன் எடுத்துச் சந்தோஷப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான் எனக்குச் சனி பிடித்தது. மனிதர் சாப்பிட மாட்டேன் என்று இருந்துவிட்டார்.

நோயோடு அவருடைய நாக்கின் ருசியும் போய்விட்டது. புட்டு அவித்துக் கொடுத்தால் மரத்தூள் என்பார். சொதி வைத்தால் சுடுதண்ணீர் என்பார். தொண்டை ஆறிவிட்டது, விழுங்கலாம், ருசி மெல்ல மெல்லத் திரும்பும், அதுவரை ருசி இல்லாமலே சாப்பிடப் பழகவேண்டும் என்று வைத்தியசாலையில் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் பெண் சொன்னாள். உடம்பு நிறை இன்னும் இறங்கினால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைக்கவேண்டி வரும் என்றும் சொன்னாள். திரும்பி வரும்போது, "குழாய் மட்டும் வைக்க விடமாட்டன்" என்று ஒரே ஒரு வசனம்தான் பேசினார். அப்படியென்றால் சாப்பிடுங்களேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

நான் ஒரு முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் பகுதியில் வேலை செய்கிறேன். விடியப் பஸ் எடுத்தால் பின்னேரம்தான் வீடு. வந்ததும் சமைப்பேன். கரண்டியோடு அவருக்கு முன்னால் நின்று கெஞ்சுவேன். அவர் முகத்தைத் திருப்புவார், நான் கத்துவேன், பிறகு கத்தினேனே என்று அழுவேன். அவர் விட்டதில் ஏதோ கொஞ்சத்தைச் சிங்குக்குப் பக்கத்தில் நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டு படுத்துவிடுவேன். அப்படியொரு களைப்பை நான் பிள்ளை பெற்ற காலத்திலும் கண்டதில்லை.

ஒருநாள் நான் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பும்போது அவர் சொன்னார், "இஞ்சேரும், எனக்கு வெலிங்டன் சாப்பிட வேணும்."

எனக்கு விளங்கவில்லை. அவர் இந்த நகரத்தில் ஓர் ஆங்கிலச் சாப்பாட்டுக் கடையில் நீண்ட காலம் சமையல்காரராக இருந்தவர். எங்கள் தமிழ் ஆட்கள் இல்லாத கிச்சின் இங்கே குறைவு என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கடையில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே பீஃப் வெலிங்டன்தான். நல்ல மென்மையான மாட்டிறைச்சியில் கடுகு பூசி, அரைத்து வதக்கிய காளானால் மூடி, பேஸ்ரி மாவால் சுற்றி அவணில் வேகவைப்பது. ஆனால் நாங்கள் சைவ சமயத்துக்காரர். ஆடு, கோழி, மீன் எல்லாம் வீட்டுக்குள் வரும், மாடு வராது. வேலையால் வந்து குளித்த பிறகுதான் அவர் எங்கள் குசினிக்குள்ளேயே கால் வைப்பார். தன் கையாலேயே நாள்தோறும் அதைச் செய்த மனிதர் ஒருநாளும் அதை வாயில் வைத்ததில்லை.

"உங்களுக்கு என்ன விசரோ?" என்று கேட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. ஆறுதலாகச் சொன்னார், "தெரிஞ்ச சாப்பாடு எதைத் திண்டாலும் ருசி இல்லாதது தெரியுது. உதின்ர ருசி எனக்குத் தெரியாது. அப்ப என்ன குறையுது எண்டும் தெரியாது. அதைச் சாப்பிடலாம்போல கிடக்கு."

அவர் தானாக ஒரு சாப்பாட்டைக் கேட்டது பல மாதங்களில் அன்றுதான். சாமியறைப் பக்கம் பார்க்காமல் சரி என்றேன்.

அவர் வேலை செய்த கடை கொரோனாக் காலத்தில் மூடியதோடு சரி. வேறு கடை தேடவேண்டும். வேலையில் சாப்பாட்டு இடைவேளையில் எல்லாம் போனும் கையுமாக நின்றேன். ஓர் இடத்தில் சனி ஞாயிறு மட்டும்தானாம். இன்னோர் இடத்தில் மெனுவில் இருக்கிறதாம், ஆனால் இப்போது செய்வதில்லையாம். கடைசியில் ஒரு கடையில் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பெட்டியைத் திறந்தால் பேஸ்ரி ஊறிப்போய்த் தொய்ந்து கிடந்தது. அவர் விரலால் ஒருதரம் அமத்திப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். "உது வெலிங்டன் இல்லை. மழையில நனைஞ்ச ரோல்ஸ்." எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. வேலை முடிந்து அரை நகரம் சுற்றி வந்த காலோடு நிற்கிறேன், அவர் பேஸ்ரிக்கு மார்க் போடுகிறார்.

இரண்டாவது தரம் நடந்ததுக்கு நானே பொறுப்பு. பெரிய கடை ஒன்றில் முன்கூட்டியே சொல்லிவைத்தேன். எப்படி வேகவேண்டும் என்று கேட்டார்கள். எங்கள் வீட்டில் இறைச்சி என்றால் எலும்பில் இருந்து கழன்று விழும்வரை அவிய வேண்டும். கொஞ்சம் சிவப்பு இருந்தாலும் நான் தொடமாட்டேன். அதுவும் நோய் வந்த மனிதருக்கு. நன்றாக அவித்துத் தாருங்கள், இரத்தம் துளியும் தெரியக்கூடாது என்று இரண்டு தரம் சொன்னேன். போனில் இருந்தவர், நிச்சயமாகவா என்று திருப்பிக் கேட்டார். பிறகு சரி என்றார்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் என் கணவர் கத்தியை வைத்து வெட்டினார். உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கவேண்டிய இறைச்சி சீமெந்து நிறம். குனிந்து பார்த்தார். பிறகு தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் கிட்டப் போனேன். மனிதர் சிரிக்கிறார். "ஆரப்பா உதை ரெண்டாந்தரம் கொண்டது?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. இன்னும் சிரித்து, இருமி, தண்ணீர் குடித்து, ஒரு துண்டும் சாப்பிடாமல் போய்ப் படுத்துவிட்டார். நான் அன்றைக்கு அந்த மேசையிலேயே தலையை வைத்தபடி இருந்தேன். இனி ஏலாது, குழாயையே வைக்கட்டும் என்று மனம் சொன்னது. அப்படி நினைத்ததற்கு எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

ஆனாலும் மறுநாள் வேலையில் துணி மடித்துக்கொண்டு நிற்கும்போது ஒரு யோசனை வந்தது. நான் இவ்வளவு நாளும் முன்வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். சமைக்கிறவர்கள் இருப்பது பின்வாசலில் அல்லவா. கனடா வந்த புதிதில் நாங்கள் இருந்த சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் ஒரு பழைய ஆங்கிலக் கடை உண்டு. வேலை முடிந்து, பஸ்ஸும் சப்வேயுமாக அங்கே போய், பின்னால் உள்ள ஒழுங்கைக்குள் நுழைந்தேன். குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஏப்ரன் கட்டிய ஒருவர் காட்போட் பெட்டிகளை மிதித்து மடித்துக்கொண்டு, போனில் யாருக்கோ யாழ்ப்பாணத் தமிழில் ஏசிக்கொண்டிருந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"தம்பி, இஞ்ச வெலிங்டன் நல்லா இருக்குமோ?"

அவர் போனை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். பனிச் சப்பாத்தும், வேலை உடுப்பும், கையில் மரக்கறிப் பையுமாக ஒரு தமிழ்ப் பெண் வந்து கேட்கிற கேள்வியா அது. "ஆருக்கு அக்கா?" என்றார். நின்ற நிலையில் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தச் சீமெந்துக் கதையையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அக்கா, உதைப் பெட்டியில போட்டுத் தந்தால் மல்வேர்ன் போறதுக்குள்ள செத்துப்போகும். அண்ணையை இஞ்ச கூட்டிக்கொண்டு வாங்கோ. பின்னேரம் கடை திறக்க முதல் வாங்கோ, ஒருத்தரும் இருக்கமாட்டினம். நான் முதலாளியிட்டச் சொல்லி வைக்கிறன். வெள்ளிக்கிழமை ஏலுமோ?"

வெள்ளி எங்களுக்கு விரத நாள், நான் தயங்கினேன். அவரே, "ஓம் ஓம், வெள்ளிக்கிழமை வேண்டாம். வியாழன் வாங்கோ" என்றார்.

வியாழக்கிழமை நான் லீவு எடுத்தேன். என் கணவர் தானே முகம் வழித்து, சேட்டு மாற்றிக்கொண்டு காத்திருந்தார். சேட்டுக் கழுத்துக்குள் இன்னொரு கழுத்து போகும்போல இருந்தது. ராக்சி பிடித்துப் போனோம். கிச்சின் கதவுக்குப் பக்கத்து மேசையில் ஒரு துணி விரித்து வைத்திருந்தார் அந்தத் தம்பி. என் கணவர் உட்காரவில்லை. கதவடியில் நின்று உள்ளே அவணைப் பார்த்து, அடுப்புகளைப் பார்த்து, மூக்கை உறிஞ்சினார். மணமும் தெரியாது அவருக்கு. ஆனாலும் உறிஞ்சினார்.

வெலிங்டன் பலகையோடு வந்தது. நல்ல பொன்னிறம். தம்பி கத்தியை அவரிடம் கொடுத்து, "நீங்களே வெட்டுங்கோ அண்ணை" என்றார். என் கணவர் ஒரே இழுப்பில் நேராக வெட்டினார். உள்ளே ரோசாப்பூ நிறம். நான் மற்றப் பக்கம் பார்த்தேன்.

அவர் ஒரு சின்னத் துண்டைக் குழம்பில் தோய்த்து வாயில் வைத்தார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். நான் அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. கடைசியில் பேப்பர் துவாயை எடுத்து வாயில் இருந்ததை அதற்குள் துப்பி மடித்து வைத்தார். "ஒண்டும் தெரியேல்லை" என்றார். அந்தக் குரலை எனக்கு மறக்க ஏலாது. இதுதான் அவருடைய கடைசி நம்பிக்கை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

தம்பி கைகளைத் துடைத்தபடி நின்றார். "பிழை ஏதும் இருக்கோ அண்ணை?"

"நீர் சாப்பிட்டுப் பாத்தனீரோ?" என்று என் கணவர் கேட்டார்.

தம்பி தலையைச் சொறிந்தார். "நான் மாடு சாப்பிடுறேல்லை அண்ணை. என்னோட வேலை செய்யிற மன்னார்க்காரன் ருசி பாத்துச் சொல்லுவான். அவன் இன்னும் வேலைக்கு வரேல்லை."

"நானும் உப்பிடித்தான்" என்றார் இவர். "ஆரும் ருசி பாத்துச் சொன்னா அதை வைச்சுத்தான் உப்பும் கடுகும் கூட்டிக் குறைக்கிறது. எனக்கு ஒரு காலமும் நாக்குத் தேவைப்படேல்லை." சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "இஞ்சேரும். நீர் சாப்பிட்டுச் சொல்லும்."

மூன்று பேர் நிற்கிறோம், மேசையில் வெலிங்டன் இருக்கிறது, அது நல்லதோ கூடாததோ என்று சொல்ல அங்கே ஒரு நாக்கில்லை. ஓடிவிடலாம்போல இருந்தது எனக்கு. பிறகு அவருடைய கழுத்தைப் பார்த்தேன். மனதுக்குள் முருகனிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு, ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தேன்.

"என்ன மாதிரி?" என்றார் என் கணவர்.

"மேல பொருபொருவெண்டு உடையுது. பட்டர் மணக்குது."

"கீழ?"

"கீழயும் காய்ஞ்சுதான் கிடக்கு. ஊறேல்லை."

அவர் ஒரு துண்டை வாயில் வைத்தார். "காளான்?"

"மிளகு போட்ட மாதிரி, கொஞ்சம் மண் வாசம்."

"கடுகு தெரியுதோ?"

"ஓம். கடைசியா மூக்குக்குள்ள ஏறுது."

அவர் தலையை ஆட்டினார். தொண்டை அசைந்தது. விழுங்கிவிட்டார்.

நான் அடுத்த துண்டை எடுத்தேன். இறைச்சி எப்படி என்று கேட்டார். பஞ்சு மாதிரி, பல்லே தேவையில்லை என்றேன். உப்பு என்றார். அளவு என்றேன். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வாய். நான் சொல்லச் சொல்ல, கண்ணை மூடிக்கொண்டு மென்று விழுங்கினார். தம்பி பரீட்சை முடிவு பார்க்க வந்தவர்போலப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "என்ர மன்னார்க்காரன் ஓகே எண்டு மட்டும்தான் சொல்லுவான் அக்கா" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பாதித் தட்டு முடிந்திருந்தது.

வாசலில் ராக்சிக்கு நிற்கும்போது தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நிறைய நேரம் நின்றேன். நன்றி என்ற சொல் போதாதுபோல இருந்தது. அவர், "கடை திறக்கிற நேரமாச்சு, வாறன் அக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டார். மாடு தின்ற கதையை நான் இன்றுவரை என் தங்கைக்குக்கூடச் சொல்லவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். மறுநாள் புட்டு மறுபடியும் மரத்தூள்தான். ஆனால் நான் கரண்டியோடு நிற்கவில்லை. எனக்கும் ஒரு கோப்பையில் புட்டைப் போட்டுக்கொண்டு அவருக்கு முன்னால் மேசையில் இருந்தேன். இருந்த பிறகுதான் ஒன்று பிடிபட்டது. கல்யாணம் கட்டிய நாளில் இருந்து அவருக்குப் பின்னேர ஷிஃப்ட், எனக்குக் காலை ஷிஃப்ட். அவருடைய கடை மூடிய பிறகும் தனித்தனியாகச் சாப்பிடும் பழக்கம் மாறவில்லை. விருந்து, கொண்டாட்டம் தவிர நாங்கள் இரண்டு பேரும் ஒரு மேசையில் இருந்து சாப்பிட்டதே இல்லை. புட்டு சூடாக இருக்கிறது, தேங்காய்ப்பூ இனிக்கிறது என்று சொன்னேன். ஒரு பிடி சாப்பிட்டார்.

குழாய் வைக்கவேண்டி வரவில்லை. ருசி முக்கால்வாசி திரும்பிவிட்டது, இனிப்பு மட்டும் இன்னும் பிடி கொடுக்கவில்லை. சில நாட்களில் இப்போதும் பாதிக் கோப்பையோடு எழும்பிவிடுவார், எனக்கும் இப்போதும் களைப்புத்தான். எங்கள் வீடுகளில் ஆம்பிளைக்கும் பிள்ளைகளுக்கும் போட்டு, மிச்சத்தைக் கடைசியாகச் சாப்பிடுவதுதான் பெண்களின் வழக்கம், நானும் அப்படியே இருந்தவள். இன்றைக்கு எங்கள் மேசையில் முதல் வாய் என்னுடையது, அவர் கரண்டியைக் கையில் பிடித்தபடி எப்படி இருக்கிறது என்று கேட்டுக் காத்திருக்கிறார், இத்தனை வருடம் சமைத்துப் போட்ட எனக்கு என் வாயில் என்ன ருசிக்கிறது என்பதும் ஒருவருக்கு வேண்டியிருக்கிறது என்று அந்த வியாழக்கிழமைக்குப் பிறகுதான் தெரியும்.